எந்த விநாடியில் சலித்தது?

திரையில் ஒரு சாப்பாட்டு மேசை. அதன்மேல் கறுப்பு ஹெல்மெட், பக்கத்தில் ஒரு கடப்பிதழ். வெளியே இன்னும் விடியவில்லை. ஒரு கை வந்து இரண்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மோட்டார் சைக்கிள் கிளம்புகிறது, தூரத்தில் ஒரு நாய் குரைக்கிறது. அதற்குப் பிறகு வெறும் மேசைதான். அவ்வப்போது காட்சி வெட்டுப்படுகிறது. ஆனால் கேமரா இருந்த இடத்தைவிட்டு அசைவதில்லை. மேசைமேல் விழும் வெயில் மட்டும் இடம் மாறுகிறது. ஒரு கட்டத்தில் சாப்பாட்டுத் தட்டு ஒன்று வருகிறது, அதன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடுகிறார்கள். மறுபடி இருட்டு. மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது. அதே கை ஹெல்மெட்டை வைக்கிறது. ஆறு நிமிடம், முடிந்தது.

ஸ்கூடாயில் ஒரு கல்லூரியின் வீடியோ கலை வகுப்பில், என்னைவிட இருபது வயது சின்னவர்களோடு ஒரு செமஸ்டர் உட்கார்ந்தபோது பார்த்த படைப்பு இது. விளக்கைப் போட்டதும் பின்வரிசையில் ஒரு பையன் "போர்" என்றான். விரிவுரையாளர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, எந்த விநாடியில் சலித்தது?" என்று மட்டும் கேட்டார்.

அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுபடி ஓட்டினார்கள். இந்த முறை கையை உயர்த்தி, "இங்கே, நாய் நிறுத்தினதும்" என்றான். "அப்படியானால் நாய் குரைத்தவரை நீ அந்த வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறாய்" என்றார் அவர். முன்வரிசைப் பெண் ஒருத்தி, "எனக்குத் தட்டு வந்ததும் சலிப்பு போய்விட்டது, பசிக்க ஆரம்பித்துவிட்டது" என்றாள். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான், அந்தத் தட்டை யாரும் கடைசிவரை திறக்கவே இல்லை என்பது உறைத்தது.

ஜொகூர் பாருவில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஹெல்மெட்டை விளக்க வேண்டியதில்லை. இருட்டோடு காஸ்வே தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடு திரும்பும் அப்பாவோ அம்மாவோ இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆனாலும் படைப்பைத் தூக்கி நிறுத்தியது அந்தச் செய்தி இல்லை. நம்மை ஆறு நிமிடம் வெறும் மேசை முன்னால் காக்க வைத்ததுதான். அந்த வீட்டில் இருப்பவர்கள் நாள் முழுக்கச் செய்வதும் அதைத்தானே.

நாம் தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவர்கள். இருட்டில் உட்கார்ந்ததும் ஹீரோ எப்போது வருவார், இடைவேளைக்கு முன் என்ன முடிச்சு என்று மனம் தானாகக் கணக்குப் போடத் தொடங்கிவிடும். வீடியோ கலையின் முன்னால் அந்தக் கணக்கு தேறாது, கோபம்தான் மிஞ்சும். ஆனால் கதை கேட்காமல் ரசிக்கவும் நமக்குத் தெரியும். வித்வான் அரை மணி நேரம் தோடி ஆலாபனை செய்கிறார். "கடைசியில் என்ன ஆச்சு?" என்று யாராவது கேட்கிறோமா? ஒரு ஸ்வரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, தொடாமல் விட்டு, பிறகு தொடும்போது தலை தானாக ஆடுகிறது. வீடியோ கலையில் பெரும்பகுதி அந்த இனம். அதற்கு மூலப்பொருள் நேரம்.

தொலைக்காட்சிப் பெட்டியைக் கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்த முன்னோடி, கொரியாவில் பிறந்து இசை படித்த நாம் ஜுன் பைக். 1963-ல் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் டிவி பெட்டிகளின் உள்வேலையை மாற்றி, படத்தைக் கோணல்மாணலாக்கிக் காட்சிக்கு வைத்தார். 1974-ல் அவர் செய்த 'டிவி புத்தா' இன்னும் எளிமையானது. பழைய புத்தர் சிலை ஒன்று டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. டிவியில் தெரிவது, எதிரே இருக்கும் கேமரா நேரலையாகப் பிடிக்கும் அதே புத்தர். அவ்வளவுதான். தியானமா, தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் போதையா என்று இன்றைய செல்ஃபிக்காரர்களும் கேட்டுக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்தது ஜோன் ஜோனஸ் 1972-ல் செய்த 'வெர்ட்டிகல் ரோல்'. பழைய டிவியில் படம் நிற்காமல் மேலும் கீழும் உருண்டுகொண்டே போகுமே, அந்தக் கோளாறையே சுமார் 20 நிமிடப் படைப்பாக்கினார். உருளலோடு சேர்ந்து ஒரு தட்டல் சத்தம். ஆண்டெனாவைச் சிங்கப்பூர்ப் பக்கம் திருப்பித் திருப்பி வைத்து அந்த ஊர்த் தமிழ் நிகழ்ச்சி பார்த்த ஜொகூர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகாது. நாங்கள் டிவியின் மண்டையில் தட்டினோம். அந்த அம்மா அதைக் கலையாக்கிவிட்டார்.

கலைக்கூடத்தில் இவற்றைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பெயர்ப்பலகையில் எத்தனை நிமிடம் என்று பாருங்கள். பெரும்பாலும் லூப்பாக, முடிந்ததும் மறுபடி தொடங்கி ஓடிக்கொண்டிருக்கும். பாதியில் நுழைகிறோமே என்ற கூச்சம் வேண்டாம். தெருக்கூத்துக்கு இரவு பத்து மணிக்குப் போனவரும் உண்டு, கண்ணயர்ந்து எழுந்து டீ குடித்துவிட்டு மூன்று மணிக்கு வந்தவரும் உண்டு. இருவரும் கூத்துப் பார்த்தவர்கள்தான். ஐந்து நிமிடப் படைப்பு என்றால் இரண்டு சுற்று இருங்கள். முதல் சுற்றில் என்ன இருக்கிறது என்பது தெரியும், எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பது இரண்டாவதில்தான் பிடிபடும். கிறிஸ்டியன் மார்க்லேயின் 'தி க்ளாக்' 24 மணி நேரம் ஓடும். 2010-ல் வந்தது. சினிமாக்களில் கடிகாரம் தெரியும் துண்டுகளைக் கோத்து, திரையில் தெரியும் மணியும் நம் கைக்கடிகார மணியும் ஒன்றாக இருக்கும்படி செய்திருக்கிறார். அதை முழுக்கப் பார்த்தே தீர வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டிப் போடப் போவதில்லை.

நேரத்தை இழுத்துப் பார்ப்பதற்கு நல்ல உதாரணம் பில் வயோலாவின் 'தி க்ரீட்டிங்', 1995. இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருக்க, மூன்றாவதாக ஒருத்தி வந்து அணைத்துக்கொள்கிறாள். 45 விநாடியில் நடந்ததை 10 நிமிடமாக இழுத்திருக்கிறார். வந்தவள் ஒருத்தியை மட்டும் அணைக்கும்போது, ஒதுங்கி நிற்பவளின் முகத்தில் என்ன ஓடுகிறது என்று பார்க்க அவகாசம் கிடைக்கிறது. நம் கல்யாண வீடுகளில் நாள் முழுக்க நடப்பதுதான். கண்சிமிட்டும் நேரத்தில் போய்விடுவதால் தப்பித்துக்கொள்கிறோம்.

திரை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் படைப்பில் சேர்த்தி. 1998-ல் போக்ரானில் அணுகுண்டு சோதனை நடந்ததை அடுத்து நளினி மாலனி செய்த 'ரிமெம்பரிங் தோபா தேக் சிங்' படைப்பில், எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு பெண்கள். ஒருத்தி இந்தியா, ஒருத்தி பாகிஸ்தான். இருவரும் சேர்ந்து ஒரு புடவையை மடிக்கப் பார்க்கிறார்கள். ஆறு கஜத்தைத் தனியாக மடிக்க முடியாது, எதிர்முனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் தெரியும். இருவருக்கும் நடுவில் நாம் நிற்கிறோம். இதையே கைப்பேசியில் பார்த்தால் விஷயம் பாதிகூட வராது.

நம் ஊருக்கு வருகிறேன். மலேசியாவின் தொடக்ககால வீடியோ கலைப் படைப்புகளில் ஒன்றான வோங் ஹோய் சியோங்கின் 'சூக் சிங்' 1990-ல் வந்தது. ஜப்பானியர் காலப் படுகொலையைப் பற்றியது. ஆனால் தமிழ் வாசகருக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது கிறிஸ் சொங் சான் ஃபூயின் 'பிளாக் பி', 2008, 20 நிமிடம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், இந்தியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் வசிக்கும் அடுக்குமாடி ஒன்றின் முகப்பு திரையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கேமரா அசைவதில்லை. பகல், பிறகு இரவு. மனிதர்கள் எறும்பளவில் மாடி வராந்தாக்களில் நடமாடுகிறார்கள். உருவங்கள் தூரத்தில், சத்தமோ காதுக்குக் கிட்டத்தில். எந்த மாடியில் யார் என்று கண் தேடத் தொடங்கிய கணமே நாமே எதிர்வீட்டு ஜன்னலில் நிற்கும் ஆளாகிவிடுகிறோம். பிலிமில் எடுத்தது, கறாராகப் பார்த்தால் வீடியோ அல்ல. வகுப்புகளில் யாரும் அவ்வளவு கறார் பார்ப்பதில்லை.

ஜொகூர் நீரிணைக்கு அந்தப் பக்கம் சார்ல்ஸ் லிம் இருக்கிறார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்காகப் பாய்மரப் படகு ஓட்டியவர். 'சீ ஸ்டேட்' என்ற அவருடைய படைப்பு வரிசை 2015 வெனிஸ் பியனாலேயில் சிங்கப்பூர் அரங்கில் இடம்பெற்றது. அதில் ஒன்று, தெக்கோங் தீவுக்குப் பக்கத்தில் இருந்த புலாவ் சஜாஹாட் என்ற சின்னத் தீவு, கடலைத் தூர்த்தபோது காணாமல் போனதைப் பற்றியது. ஜாஹாட் என்றால் மலாய் மொழியில் கெட்டது, பொல்லாதது. பொல்லாதது மறைகிறது என்ற பொருளில் படைப்புக்குத் தலைப்பு வைத்தார். அரசியல் பேச்சு ஒரு வரி இல்லாமல் ஒரு குத்து.

ஜொகூரில் படம் எடுப்பது என்றாலே இஸ்கந்தர் புத்ரியின் பெரிய ஸ்டூடியோதான் பலருக்கும் நினைவு வரும். நெட்ஃபிளிக்ஸின் 'மார்கோ போலோ' தொடருக்கு அங்கே செட் போட்டார்கள். மல்டிமீடியா பல்கலைக்கழகமும் திரைப்படக் கலைப் புலத்தை அதே இஸ்கந்தர் புத்ரியில் நடத்தியதுண்டு. எங்கள் வகுப்பில் அந்தப் பெரிய ஸ்டூடியோக் கனவோடு வந்த பிள்ளைகள் முதல் பயிற்சியிலேயே முகம் சுளித்தார்கள். கைப்பேசி, ட்ரைபாட், 50 விநாடி, ஒரே ஷாட், ஜூம் கூடாது. 1895-ல் லூமியர் சகோதரர்கள் எடுத்த படங்களின் நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான். அவர்கள் கருவி சுமார் 17 மீட்டர் பிலிம்தான் கொள்ளும். 50 விநாடி எவ்வளவு நீளம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

என் அடுத்த படைப்பின் கதியையும் சொல்லிவிடுகிறேன். குளுவாங் பக்கத்தில் நான் பிறந்த தோட்டம். ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டது, லயத்து வீடுகளில் ஆளில்லை. உடைந்த கதவு, துருப்பிடித்த குழாய், காளியம்மன் கோயில் மணி என்று எல்லாவற்றையும் ஸ்லோ மோஷனில் எடுத்து, அடியில் ஒரு புல்லாங்குழலை ஓடவிட்டேன். எடிட் செய்யும்போதே எனக்கு அழுகை. விரிவுரையாளர் பார்த்தார். பிறகு ஒலியை நிறுத்திவிட்டு இரண்டாம் முறை ஓட்டினார். நிசப்தத்தில் கதவு, குழாய், மணி. யாரோ கொட்டாவி விட்டார்கள், நானாகவும் இருக்கலாம். டீ குடிக்கப் போனபோது கூடப் படித்த தமிழ்ப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அக்கா, ஃபுளூட்தான் அழுவுது. வீடு சும்மா நிக்குது லா."

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பிறகு மறுபடி தோட்டத்துக்குப் போய் மணியை மட்டும் எடுத்தேன். அசையாத மணி, நான்கு நிமிடம். ஒலியாக, செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு போகும் டிராக்டர் மட்டும். வகுப்பில் எல்லோரும் மணி அடிக்கும் அடிக்கும் என்று காத்திருந்தார்கள். அடிக்கவில்லை. நாய்க்காரப் பையன்தான் முதலில் பேசினான்: "மூணாவது நிமிஷத்தோட முடிச்சிருக்கணும்." வெட்டிப் பார்த்தேன். அவன் சொன்னது சரி.

அந்த வகுப்பில் விமர்சனத்துக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. படைத்தவர் வாயைத் திறக்கக்கூடாது. மற்றவர்கள் முதலில் கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொல்ல வேண்டும். நல்லது, கெட்டது, பிடித்தது, பிடிக்காதது எல்லாம் பிற்பாடு. "அருமை" என்ற சொல்லுக்குத் தடை. பொன்னாடையும் வாழ்த்துரையுமாக நூல் வெளியீடு நடத்திப் பழகிய நமக்கு இது கொஞ்சம் கசக்கும். ஆனால் "தட்டு திறக்கப்படவில்லை" என்று ஒருவர் சொல்வது நூறு "அருமை"க்குச் சமம். அதைச் சொல்லக் கலைப்படிப்பும் தேவையில்லை.

எல்லா வீடியோ கலையும் நல்ல கலை என்று நான் சொல்லவரவில்லை. சுவரில் ஒட்டிய விளக்கம் படைப்பைவிட நீளமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். விளக்கத்தைப் படிக்காமல் ஒருமுறை பாருங்கள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேளுங்கள். இரண்டிலும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் தாராளமாக அடுத்த அறைக்குப் போகலாம். நானும் அப்படிப் போன அறைகள் நிறைய.

கோலாலம்பூரில் தேசியக் கலைக்கூடமும் இல்ஹாம் கலைக்கூடமும் இருக்கின்றன. காஸ்வே தாண்டத் தயங்காதவர்களுக்குத் தஞ்சோங் பகாரில் சிங்கப்பூர் ஆர்ட் மியூசியம். அதற்கெல்லாம் முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கைப்பேசியை எதன்மேலாவது சாய்த்து வைத்து, வீட்டில் ஒரு மூலையை 50 விநாடி எடுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் காட்டி, எந்த விநாடியில் சலித்தது என்று கேளுங்கள். பாட்டு மட்டும் சேர்க்காதீர்கள்.