மொய் நோட்டு

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் தேனி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, பக்கத்தில் நின்ற இளம் விரிவுரையாளர் 'சார், உங்க ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு?' என்றார். ஏதோ ரத்த டெஸ்ட் சமாசாரம் என்று நினைத்து 'போன மாசம் நார்மல்' என்றேன்.

அவருக்குப் பதினொன்றாம். அதாவது, அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பதினொன்று, ஒவ்வொன்றும் குறைந்தது பதினொரு முறை மற்றவர்களால் மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. ஹிர்ஷ் என்கிற இயற்பியலாளர் 2005-ல் கொடுத்த கணக்கு. 'பன்னெண்டு ஆயிட்டா நல்லது சார். ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அவங்க என்னை சைட் பண்ணுவாங்க, நான் அவங்களை.'

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மொய்! நோட்டில் எழுதி வைத்து, அடுத்த விசேஷத்தில் திருப்பிச் செய்வது.

ஆரம்பத்தில் இது இப்படி இல்லை. அமெரிக்காவில் ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன என்று வக்கீல்கள் புரட்டிப் பார்க்க 1873-லிருந்து ஒரு பட்டியல் உண்டு. அதைப் பார்த்துத்தான் யூஜீன் கார்ஃபீல்ட், விஞ்ஞானத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று 1955-ல் எழுதினார். அறுபதுகளில் செய்தும் காட்டினார். கட்டுரைகளைத் தேடிப் பிடிக்க ஒரு வழி, அவ்வளவுதான். பிறகு யாரோ எண்ண ஆரம்பித்தார்கள்.

எண்ணினால் வேடிக்கையான விடைகள் வரும். உலகிலேயே மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது என்று 2014-ல் 'நேச்சர்' பத்திரிகை பட்டியல் போட்டது. முதலிடம், புரோட்டீனை அளப்பது எப்படி என்று லௌரி குழுவினர் 1951-ல் எழுதிய செய்முறைக்கு. மூன்று லட்சத்துக்கு மேல். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைக் கண்டுபிடித்த கட்டுரை முதல் நூறிலேயே இல்லை! சமையல் குறிப்பை எல்லாரும் குறிப்பிடுவார்கள். நெருப்பைக் கண்டுபிடித்தவனை யார் குறிப்பிடுகிறார்கள்?

இதில் மார்க்கும் சேர்ந்தால் என்ன ஆகும்? மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசையில் கட்டுரைகளுக்கும் மேற்கோள்களுக்கும் மதிப்பெண் உண்டு. 2022-ல் பல் மருத்துவத்தில் முதலிடம் பெற்றது சென்னை சவீதா கல்லூரி. 2023 ஜூனில் 'சயன்ஸ்' பத்திரிகை, அங்கே இளநிலை மாணவர்கள் பரீட்சையிலேயே கட்டுரை எழுதுகிறார்கள், அவை பிரசுரமாகும்போது அதே கல்லூரியின் மற்றக் கட்டுரைகள் மேற்கோளாக ஏராளமாகச் சேர்கின்றன, சில சம்பந்தமே இல்லாதவை என்று எழுதியது. கல்லூரியை மட்டும் திட்டிப் பயனில்லை. மொய்க்கு மார்க் போட்டது யார்?

அதே சமயம், மதுரையில் ஒரு வேறு கதை. தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர்.வாசுதேவன், குப்பை பிளாஸ்டிக்கைத் துண்டு துண்டாக்கி, சூடான ஜல்லியின் மேல் தூவினார். அது உருகி ஜல்லியைப் போர்வை மாதிரி மூடிக்கொள்ள, மேலே தார். தண்ணீர் உள்ளே போகாது, ரோடு சீக்கிரம் பெயராது. 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே போட்டுப் பார்த்தார். பிறகு தமிழ்நாட்டிலும் வெளி மாநிலங்களிலும் இந்த முறையில் ரோடுகள் வந்தன. 2018-ல் பத்மஸ்ரீ. அவர் கட்டுரைகளையும் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ரோட்டைப் போட்ட கான்ட்ராக்டரும், அதில் லோடு அடிக்கும் லாரி டிரைவரும் எந்த ஜர்னலிலும் அடிக்குறிப்பு எழுதுவதில்லை. அவர்கள் எந்த இண்டெக்ஸில் வருவார்கள்?

விரிவுரையாளரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். 'உங்க ஆராய்ச்சி எதைப் பத்தி?'

முகம் மாறிவிட்டது. வைகையில் எந்தெந்த இடத்தில் சாக்கடை கலக்கிறது, கரையோரத்து போர் தண்ணீரில் அது எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று மூன்று வருஷம் பாட்டில் பாட்டிலாகப் பிடித்து அளந்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஆறு. ஒரு பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்டேன், அவ்வளவு சுவாரஸ்யம்.

'அந்தக் கட்டுரையை எத்தனை பேர் சைட் பண்ணியிருக்காங்க?'

'ஒருத்தர் சார்' என்றார். 'நான்தான்.'