ஜங்கர் சிங் ஷ்யாமின் விலங்குகள்

மந்திர் மார்க்கில் குடியிருப்போர்க்குக் காட்டு விலங்கு என்பது, ரிட்ஜ் காட்டிலிருந்து இறங்கி வந்து உலர்த்திய துணியைத் தூக்கிச் செல்லும் குரங்குதான். இத்தகைய நகரவாசிகளாகிய நாம் ஒரு கோண்டு ஓவியத்தின் முன் நிற்கையில், "நல்ல அலங்காரம்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அச்சொல்லை மறுக்கவே இக்கட்டுரை.

1928இல் சிம்லாவில் பிறந்து தில்லியில் வாழ்ந்த தமிழ் ஓவியர் ஜெ. சுவாமிநாதன், 1982இல் திறக்கப்பெற்ற போபால் பாரத் பவனின் கலைக்கூடத்தை உருவாக்கினார். அதற்கெனப் படைப்புகள் தேடிச் சென்ற இளங்கலைஞர் குழு, பாட்டன்கட் என்னும் சிற்றூரின் மண்சுவரில் ஒரு சித்திரத்தைக் கண்டது. அதை வரைந்த இளைஞரே ஜங்கர். அவர் பிறந்த பர்தான் குலத்தார், 'பானா' என்னும் நரம்புக் கருவியை மீட்டிக் கோண்டுகளின் தெய்வக் கதைகளைப் பாடியவர்கள். நம் பாணர் நினைவுக்கு வருகின்றனர். பெயரொற்றுமையை வைத்து ஆராய்ச்சி செய்ய நான் துணியேன்.

ஜங்கரின் மான்களைக் காண்க. கொம்பு கிளைத்துக் கிளைத்து மரமாகிறது. மரம் எங்கே தொடங்கிற்று, மான் எங்கே முடிந்தது என்று கண் தடுமாறுகிறது. உடலை நிறைக்கும் புள்ளிகளும் சிறு கோடுகளும் தோலின் நிறத்தைக் காட்டவில்லை. உள்ளே ஓடும் உயிர்த்துடிப்பையே காட்டுகின்றன. தூரத்தைக் காட்டும் பின்னணி இல்லாமையால், விலங்கு நம்மை நோக்கி நேரே வந்து நிற்கிறது. நம் அகப்பாடல்களில் களிறும் மந்தியும் கருப்பொருள்களாக நின்று, உள்ளுறையால் தலைவனையோ தலைவியையோ உணர்த்தும். ஜங்கரின் புலி வேறு யாரையும் உணர்த்துவதன்று. அது புலியே, ஆயினும் கண்ணால் கண்ட புலியினும் பாட்டில் கேட்ட புலி. சுவாமிநாதனும் மலைமேல் மிதக்கும் பறவையைப் பலகாலம் வரைந்தவர். அப்பறவை தவத்தில் இருக்கிறது, அதற்குப் பசியில்லை. ஜங்கரின் விலங்குகளுக்குப் பசி உண்டு.

1989இல் பாரிஸ் பொம்பிது மையக் கண்காட்சி வரை சென்ற ஜங்கர், 2001இல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தில் ஓவியம் தீட்டச் சென்றிருந்தபோது உயிர் நீத்தார். அவர் வழியைப் பின்பற்றுவோர் இன்று பலர். வெறும் நிரப்புக் கோலத்தையே திரும்பத் திரும்ப இட்டு விற்கும் ஓவியங்களையும் சந்தையில் காண்கிறோம். அலங்காரம் என்ற சொல் அவற்றுக்குப் பொருந்தும்.

அவர் உறவினர் பஜ்ஜு ஷ்யாம் அவ்வாறல்லர். உணவகம் ஒன்றின் சுவர்களில் வரைய இலண்டன் சென்ற அவர், கண்டவற்றைக் கொண்டு படைத்த 'தி லண்டன் ஜங்கிள் புக்' என்னும் நூலைச் சென்னைத் தாரா பதிப்பகம் 2004இல் வெளியிட்டது. அதில் விமானம் சிறகுள்ள யானை. பிக் பென் கடிகாரம் நேரம் கூவும் சேவல். நாள்தோறும் தவறாமல் வந்து ஏற்றிச் செல்லும் முப்பதாம் எண் பேருந்து நன்றியுள்ள நாய். இங்கேதான் உள்ளுறைக்கு நெருங்கிய ஒன்று பிறக்கிறது. காட்டை விட்டு வந்தவன் நகரத்தைப் புரிந்துகொள்ள விலங்கைத் துணைக்கு அழைக்கிறான். ஜங்கருக்கு அத்துணை தேவைப்படவில்லை. அவர் வரைந்தபோது விலங்கு அழைக்காமலே வந்தது.