கணினியில் உள்ள குழாயும் பதுளைக் கடையில் உள்ள குழாயும்

நமுனுகுல உச்சி கடல்மட்டத்திலிருந்து 2,036 மீட்டர் உயரம். பதுளை நகரமோ ஏறத்தாழ 680 மீட்டரில் இருக்கிறது. இடைப்பட்ட சரிவெங்கும் தேயிலை, தேயிலைக்கு நடுவே லயங்கள், லயங்களுக்கு மேலே எங்கோ ஓர் ஊற்று. நீர் தானாக இறங்கும், பம்பு வேண்டாம், மின்கட்டணமும் இல்லை. ஆனால் சிக்கலும் அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. பத்து மீட்டர் இறங்கினால் குழாய்க்குள் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் கூடும். இலங்கையில் நெடுங்காலமாக ‘டைப் 600’, ‘டைப் 1000’ என்று விற்கப்படும் பி.வி.சி. குழாய்களின் எண் அவை தாங்கும் கிலோபாஸ்கலைக் குறிக்கிறது. முன்னது 60 மீட்டர் இறக்கம் வரை தாங்கும், பின்னது 100 மீட்டர் வரை. அதற்கும் மேல் இறக்கம் இருந்தால் நடுவில் அழுத்தத்தை முறிக்கும் தொட்டி ஒன்று கட்டியாக வேண்டும்.

இந்தக் கணக்கை இப்போது கணினியில் போடுகிறோம். சிவில் 3டி, ரெவிட் போன்ற மென்பொருள்களில் குழாய் என்பது வெறும் கோடு அல்ல, அது ஒரு ‘பாகம்’. உள்விட்டம், வெளிவிட்டம், சுவர்த் தடிப்பு, பொருள், பொருத்தும் முறை எல்லாம் அதனோடு ஒட்டிக்கொண்டு வரும். எல்போவும் டீயும் அப்படித்தான். ஆயத்தப் பாகங்கள் மென்பொருளோடே வருகின்றன. நம் ஊருக்கு ஏற்றவை வேண்டுமென்றால் நாமே செய்துகொள்ளலாம். சிவில் 3டியில் புவியீர்ப்பு வடிகால்களுக்கு ‘பார்ட் பில்டர்’ என்ற கருவி இருக்கிறது; அழுத்தக் குழாய்களுக்குத் தனித் தரவுத்தளம் உண்டு. ரெவிட்டில் ஒவ்வொரு குழாய் வகைக்கும் பெயரளவு, உள்விட்டம், வெளிவிட்டம் என்று ஓர் அட்டவணை. பொருத்திகளுக்கு அளவுகளைத் தேடியெடுக்க ஒரு சி.எஸ்.வி. கோப்பு.

வேலை கடினமானதல்ல, அலுப்பானது. அதனால்தான் பலரும் அதைச் செய்வதில்லை. ஆயத்தப் பட்டியலில் நான்கு அங்குலக் குழாயை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த நான்கு அங்குலம் அமெரிக்காவுடையது. அங்கே சி900 என்ற தரத்தில் வரும் நான்கு அங்குல பி.வி.சி. குழாயின் வெளிவிட்டம் 4.80 அங்குலம், அதாவது 121.9 மில்லிமீட்டர். பழைய வார்ப்பிரும்புக் குழாயின் அளவுக்குப் பொருந்த வேண்டும் என்று வைத்த அளவு அது. அதே நாட்டின் ‘ஷெட்யூல் 40’ நான்கு அங்குலக் குழாய் 114.3 மில்லிமீட்டர். பதுளைக் கடையில் அந்த இடத்தில் கிடைப்பது 110 மில்லிமீட்டர். நம் நாட்டு எஸ்.எல்.எஸ். 147 தரத்திலும் சரி, இந்தியாவின் ஐ.எஸ். 4985 தரத்திலும் சரி, பெயரளவு என்பது வெளிவிட்டம்தான். உள்விட்டம் அழுத்த வகைக்கேற்ப மாறும். சுவர் ஒரு மில்லிமீட்டர் தடித்தால் உள்விட்டம் இரண்டு மில்லிமீட்டர் குறையும். ஹேசன்–வில்லியம்ஸ் சூத்திரப்படி உராய்வு இழப்பு உள்விட்டத்தின் 4.87ஆம் அடுக்குக்கு நேர்மாறாக மாறுகிறது. உண்மையில் 100 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயைக் கணினியில் 110 என்று போட்டால், கணினி சொல்வதைப் போல் ஏறத்தாழ 1.6 மடங்கு இழப்பு மலையில் நேரும். மேல் லயத்தில் காலையில் குழாய் காற்றை மட்டும் ஊதுவதற்கு இது ஒன்றே போதும்.

மரையிலும் இதே கதை. இலங்கையும் இந்தியாவும் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற 55 பாகை மரையையே இன்னும் பயன்படுத்துகின்றன. அமெரிக்க மரை 60 பாகை. அரை அங்குலத்தில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 புரி என்பதால் முதலில் பொருந்துவதுபோலத் தெரியும், பிறகு ஒழுகும். ஓர் அங்குலக் குழாயில் நம்முடையது 11, அவர்களுடையது 11½. தோட்டங்களில் மண்ணுக்கடியில் இன்னும் கிடக்கும் பழைய ஜி.ஐ. குழாயோடு புதிய பி.வி.சி.யை இணைக்கும் ஒவ்வோர் இடத்திலும் இந்த வேறுபாடு மிக முக்கியம்.

இந்தியாவில் நிலைமை எப்படி? 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் ஊவாவிலிருந்தும் மற்ற மலையகப் பகுதிகளிலிருந்தும் போன நம் மக்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் ‘டான்டீ’ தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். அதே மக்கள், அதே பயிர், அதே மாதிரிச் சரிவு. ஒப்பிட இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. தோட்டத் தொழிலாளருக்குக் குடிநீர் தருவது முதலாளியின் கடமை என்று இந்தியா 1951லேயே சட்டம் எழுதியது. 1971இல் தொடங்கிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களைத் தீட்டுகிறது. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்த ஜல் ஜீவன் திட்டம் ஒவ்வொரு ஊரக வீட்டுக்கும் குழாய் இணைப்பு என்று இலக்கு வைத்தது. வேலை அந்த அளவுக்குப் பெருகும்போது பாகங்களின் நூலகம் தானாக உருவாகிவிடும். ஒரு முறை செய்துவைத்த 110 மில்லிமீட்டர் ‘6 கிலோ’ குழாயை (அங்கே கடையில் கிலோக் கணக்கில்தான் கேட்பார்கள்) ஆயிரம் வரைபடங்களில் பயன்படுத்த முடிகிறது அல்லவா?

அதைவிடப் பெரிய வேறுபாடு வேறொன்று. இந்தியாவில் கணினியில் செய்த புதுப் பாகத்தை உண்மையிலும் செய்து வாங்கலாம். 17 பாகையில் ஒரு வளைவு வேண்டுமா? எச்.டி.பி.ஈ. குழாயைத் துண்டாக வெட்டிச் சூடுவைத்து ஒட்டித் தருவதற்கு ஆலை இருக்கிறது. எஃகுத் தகட்டில் தனிப் பொருத்திகளைச் செய்து தருவதற்குப் பட்டறைகள் இருக்கின்றன. கோயம்புத்தூர் வட்டாரமே வார்ப்பாலைகளும் பம்பு ஆலைகளும் நிறைந்தது. ஆகவே அங்கே வரைபடப் பாகம் ஒரு உற்பத்தி ஆணை. நம் பக்கம் அது பெரும்பாலும் ஒரு விருப்பம். பதுளையில் லேத் பட்டறையில் ஒரு ஃபிளாஞ்ச் கடைந்து வாங்கலாம். அதற்குமேல் கொழும்புக்கு ஆள் அனுப்ப வேண்டும். பி.வி.சி.யில் கடையில் கிடைக்கும் வளைவு பெரும்பாலும் 45 பாகை அல்லது 90. கணினியில் அழகாக 17 பாகை வளைத்துக் கொடுத்தால், தோட்டத்துக் குழாய்க்காரர் குழாயை நெருப்பில் வாட்டி வளைப்பார். வாட்டிய இடத்தில் சுவர் மெலியும், டைப் 1000 என்று அச்சிட்டிருப்பது அந்த இடத்தில் பொய்யாகும். (தமிழ்நாட்டிலும் வாட்டுகிறார்கள், அதில் நாம் இரு நாட்டாரும் உறவினர்தான்.)

இந்தியாவிலும் குறை இல்லாமல் இல்லை. அங்கே மில்லிமீட்டரில் அளக்கும் ஐ.எஸ். குழாய் ஒரு பக்கம், அங்குலத்தில் அளக்கும் ‘ஷெட்யூல்’ குழாய் இன்னொரு பக்கம் என்று இரண்டு குடும்பங்கள் ஒரே கடையில் விற்பனையாகின்றன. வரைபடத்தில் இரண்டும் கலந்தால் களத்தில் பொருந்தாது. செய்துவைத்த பாகக் கோப்புகள் ஒப்பந்தக்காரர்களின் அலுவலகங்களில் பூட்டிக் கிடக்கின்றன. மேலும், பெரிய திட்டத்தில் வரைபவர் ஒருவர், மலையில் நடப்பவர் இன்னொருவர்.

நம் நாட்டின் பலம் அங்கேதான். உலக வங்கியின் உதவியோடு 1993 முதல் 1998 வரை நடந்த சமூக நீர் வழங்கல் திட்டம் தெரிவுசெய்த மூன்று மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மற்றவை இரத்தினபுரியும் மாத்தறையும். ஊர்ச் சங்கமே திட்டத்தைத் தெரிவுசெய்து, உழைப்பையும் கொடுத்து, பிறகு தானே நடத்தும் முறை அதிலிருந்துதான் வேரூன்றியது. 2014இல் தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம் வந்தது. 2015இல் தொடங்கிய அடுத்த உலக வங்கித் திட்டம் பதுளை உட்பட ஏழு மாவட்டங்களை எடுத்துக்கொண்டதோடு தோட்டங்களையும் சேர்த்துக்கொண்டது. இப்படிப்பட்ட சிறு திட்டத்தில் ஊற்றையும் பீலிக்கரையையும் கண்ணால் பார்க்காமல் கோடு போட முடியாது. எந்தக் கடையில் என்ன கிடைக்கும் என்பதும் அந்த வரைபவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த அறிவு அவர் தலையோடு போய்விடுகிறது. தோட்டங்களில் இது இன்னும் மோசம். 1970களில் அரசுடைமை, 1992இல் கம்பனி நிர்வாகம் என்று கை மாறி மாறி, பழைய குழாய்ப் பாதைகளின் வரைபடம் யாரிடம் என்று கேட்டால் பதில் வராது.

எனக்கு இதில் ஐயம் இல்லை: நமக்குத் தேவை விலையுயர்ந்த மென்பொருள் அல்ல. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு டொலரில் ஆண்டுச் சந்தா கட்டுவது சிறிய அலுவலகத்தால் ஆகாத காரியம். ஃப்ரீகேட் இலவசம். அதில் குழாய் வரைவதற்கென்று ‘டோடோ’ என்ற துணைப்பகுதி இருக்கிறது. அது அளவுகளைப் படிப்பது சாதாரண சி.எஸ்.வி. அட்டவணையிலிருந்து. பெயரளவு, வெளிவிட்டம், சுவர்த் தடிப்பு என்று வரிசையாக எழுதினால் ஒரு பாகம் ஆயிற்று. அதே எண்களை ரெவிட் அட்டவணைக்கும் கொடுக்கலாம், நீரோட்டக் கணக்குப் போடும் இலவச எபாநெட்டில் குழாய் விட்டமாகவும் இடலாம். எஸ்.எல்.எஸ். 147இன் எல்லா அளவுகளையும் எல்லா அழுத்த வகைகளையும், எஸ்.எல்.எஸ். 659இல் வரும் பொருத்திகளையும் ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்தால் ஒரு நூலகம் தயார். பெயர்ப் பத்தியில் கடைப் பெயரையும் சேர்க்க வேண்டும்: இங்கே ‘வால்வ் சொக்கெட்’ எனப்படும் வெளிமரைப் பொருத்தியைத் தமிழ்நாட்டில் ‘எம்.டி.ஏ.’ என்பார்கள், இந்தியக் கோப்பை அப்படியே இறக்கினால் கேள்விப்பத்திரத்தில் அந்தப் பெயரே விழும், விலை கேட்கப் போனவர் வெறுங்கையோடு வருவார்.

நமுனுகுலவுக்குப் போகும் அதே பசறை வீதியில்தான் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. பதுளையில் தொழினுட்பக் கல்லூரியும் இருக்கிறது. இறுதியாண்டு மாணவர் ஒருவர் இதைத் தன் செயற்திட்டமாக எடுத்து, பதுளைக் கடைகளில் ஒவ்வொரு குழாயையும் வேர்னியரால் அளந்து சரிபார்த்து, கோப்பைப் பூட்டிவைக்காமல் எல்லாருக்கும் திறந்துவிடட்டும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை அதைப் பார்த்து முத்திரையிட்டால், அடுத்த தோட்டத் திட்டத்தின் வரைபடத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.