போலோ: இரண்டு படங்கள், காணாமல் போன குதிரை

நெட்ஃபிளிக்ஸில் 'போலோ' என்ற ஐந்து பகுதித் தொடர் 2024 டிசம்பர் 10 அன்று வெளியானது. பிரிட்டிஷ் இளவரசர் ஹாரியும் மேகனும் நடத்தும் ஆர்ச்வெல் நிறுவனத் தயாரிப்பு. வந்த வேகத்திலேயே பார்த்துவிட்டேன். போன வாரம் மறுபடியும் பார்த்தேன். முதல் தடவை வந்த எரிச்சல் இரண்டாவது தடவையும் குறையவில்லை. அதனால் அதற்கான காரணத்தை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கடலூரில் உட்கார்ந்துகொண்டு போலோ பிடிக்கும் என்று சொன்னால் "அது மிட்டாய்தானே?" என்பார்கள். அந்த வட்டமான ஓட்டை மிட்டாய். எனக்கு இது சின்ன வயசிலிருந்து ஒட்டிக்கொண்டது. 1933-இல் இங்கிலாந்துக்குப் போய் அந்த சீசனின் பெரிய கோப்பைகளையெல்லாம் அள்ளி வந்த ஜெய்ப்பூர் அணியைப் பற்றி எங்கோ படித்ததில் தொடங்கியது. மகாராஜா மான்சிங், ராவ் ராஜா ஹனுத் சிங், பிருதி சிங், அபய் சிங் என்ற நான்கு பெயர்களும் கிரிக்கெட் பெயர்களுக்கு முன்னாடியே மனப்பாடம். 1957-இல் பிரான்சின் டோவில் நகரில் இந்திய அணி ஜெயித்ததும், அதே மான்சிங் 1970-இல் இங்கிலாந்தில் போலோ ஆட்டத்தின்போதே மயங்கி விழுந்து இறந்ததும் எங்கள் வீட்டில் நான் அடிக்கடி சொல்லி எல்லோரையும் அறுத்த கதைகள்.

அதனால்தான் இந்தத் தொடரின் மேல் எனக்கு எதிர்பார்ப்பு ஜாஸ்தி.

அமெரிக்காவின் புளோரிடாவில் வெலிங்டன் என்ற ஊர். அங்கே நடக்கும் யு.எஸ். ஓபன் போட்டியை நோக்கிச் சில வீரர்களைப் பின்தொடர்கிறார்கள். உலகின் மிகப் பெரிய ஆட்டக்காரர் என்று பலரும் சொல்லும் அர்ஜென்டினாவின் அடோல்ஃபோ காம்பியாசோ ஒரு அணியில், அவர் மகன் எதிரணியில். டிம்மி தத்தா என்ற இளைஞர், அவரைத் தாங்கி நிற்கும் அப்பா அம்மா. லூயி டெவாலே என்ற அணி உரிமையாளர். இவர் காசையும் போடுகிறார், களத்திலும் இறங்குகிறார், தோற்றால் எல்லார் மேலும் பாய்கிறார். போலோவில் இந்த ஆளுக்கு 'பேட்ரன்' என்று பெயர். இவருடைய பகுதிகள்தான் தொடரிலேயே உண்மையானவை என்பேன். பணம் கொடுப்பவரே அணியின் பலவீனமான ஆட்டக்காரராகவும் இருப்பது வேறெந்தப் பெரிய விளையாட்டில் நடக்கும்? அந்த விநோதத்தைக் கேமரா ஒளிக்காமல் காட்டுகிறது.

ஆனால் ஆட்டம் எங்கே? ஒரு அடி, ஒரு ஸ்லோ மோஷன், ஒரு கத்தல், உடனே பார்ட்டி. நடுவர் ஏன் விசில் ஊதினார் என்று புதிதாகப் பார்ப்பவருக்குக் கடைசிவரை புரியாது. விளக்குவது ஒன்றும் கஷ்டமில்லை. பந்தை அடித்ததும் அது போகும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு விழுகிறது. அந்தக் கோட்டில் வருகிறவருக்கே வழி உரிமை. குறுக்கே புகுந்தால் தப்பாட்டம். கடலூர்-சிதம்பரம் ரோட்டில் தனியார் பஸ்ஸில் போனவர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும், அங்கே அது இல்லை என்பதால். அரை டன் எடையுள்ள மிருகங்கள் முழு ஓட்டத்தில் வரும்போது இந்த ஒரு விதிதான் உயிரைக் காப்பாற்றுகிறது. இடது கையால் ஆடக்கூடாது என்பதும் இதே காரணத்துக்காகத்தான். எதிரெதிரே வரும் இருவரும் பந்தை ஒரே மாதிரி வலப்பக்கம் வைத்துக்கொண்டால்தான் மோதல் தவிரும்.

இதைவிடப் பெரிய குறை, குதிரை. ஆட்டத்தை ஏழு நிமிடச் சுற்றுகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதற்கு 'சக்கர்' என்று பெயர். ஒவ்வொரு சுற்றுக்கும் குதிரை மாற்ற வேண்டும். பெரிய போட்டிகளில் ஒரு வீரருக்கு ஏழெட்டுக் குதிரைகளாவது தயாராக நிற்கும். அவற்றைத் தேய்த்து, தீனி வைத்து, வாலை முடிந்து கட்டி, சரியான நொடியில் கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள் குதிரைக்காரர்கள். தொடரில் அவர்கள் பின்னணி. காம்பியாசோ 2016 பலேர்மோ இறுதியாட்டத்தில் குவார்ட்டேட்டரா என்ற ஒரே குதிரையின் ஆறு குளோன்களில் மாறி மாறி ஏறி ஆடி ஜெயித்தவர். அப்பேர்ப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு, குதிரைக்கும் மனிதனுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று கேட்காமல், அப்பா பிள்ளை பாசத்தோடு முடித்துக்கொள்வது எனக்குச் சோம்பேறித்தனமாகத்தான் படுகிறது.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய படம் ரூபா பரூவா எடுத்த 'டாட்டர்ஸ் ஆஃப் தி போலோ காட்'. குறும் ஆவணப்படம், மணிப்பூரின் போலோ வீராங்கனைகளைப் பற்றியது. இன்று உலகம் ஆடும் போலோ அங்கேயிருந்துதான் போனது. சகோல் காங்ஜெய் என்று பெயர். சகோல் என்றால் குதிரை. ஆளுக்கு ஏழு பேர், கோல் கம்பம் கிடையாது, மூங்கில் வேரில் செய்த பந்து. அதைப் பார்த்து மயங்கிய ஆங்கிலேயர்கள் 1859-இல் சில்சாரில் கிளப் தொடங்கினார்கள், 1862-இல் கல்கத்தாவில். அங்கிருந்து அது இங்கிலாந்து போய், ஆளுக்கு நான்கு பேராகச் சுருங்கி, பணக்காரர் ஆட்டமாகிவிட்டது. இம்பாலில் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் மாபல் காங்ஜெய்புங் மைதானத்தில் மட்டும் இன்றைக்கும் அது ஊர் ஜனம் வந்து பார்க்கும் ஆட்டம்.

பரூவாவின் படத்தில் எனக்குப் பிடித்தது, அந்தப் பெண்களின் கதையும் மணிப்பூர்க் குதிரையின் கதையும் வேறு வேறல்ல என்று அது புரிந்துகொண்ட விதம். அந்தக் குட்டையான குதிரை இனம் அழிந்துகொண்டிருக்கிறது. கால்நடைக் கணக்கெடுப்பில் 2003-இல் 1,898. 2012-இல் 1,101. 2019-இல் 1,089. மேய்ச்சல் நிலமாக இருந்த லாம்பெல்பாட் சதுப்பு நிலம் கட்டடங்களுக்குப் போக, குதிரைகள் இம்பால் தெருவில் குப்பையைக் கிளறுகின்றன. ஒரு குறை சொல்லலாம்: படம் இன்னும் நீளமாக இருந்திருக்க வேண்டும். ஒரு குதிரையை வைத்துக் காப்பாற்றும் குடும்பத்தின் மாசச் செலவு என்ன, அது ஏன் கட்டுப்படியாகவில்லை என்பதை உட்கார்ந்து பார்க்க இந்த நீளம் போதவில்லை.

தலைப்பில் வரும் போலோ கடவுள் மார்ஜிங். குதிரைக்கும் போலோவுக்கும் அதிபதி. ஹெய்ங்காங் மலையில் சுமார் 120 அடி உயரத்தில் குதிரைமேல் போலோ வீரர் சிலை ஒன்றை 2023 ஜனவரியில் திறந்தார்கள். சிலைக்கு நிற்க இடம் கிடைத்துவிட்டது, குதிரைக்கு மேய இடம் கிடைக்கவில்லை.

இதைக் கிண்டல் செய்ய நமக்கு யோக்கியதை இருக்கிறதா என்பது வேறு கேள்வி. கடலூர் பக்கம் திருவந்திபுரத்தில் மலைமேல் குதிரை முகத்தோடு ஹயக்ரீவர் இருக்கிறார். ஊர் எல்லைகளில் அய்யனாருக்குச் சுடுமண் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. சிதம்பரத்தில் இறைவனோடு கலந்ததாகச் சொல்லப்படும் மாணிக்கவாசகர் கதையே பாண்டியனின் குதிரைக் காசில்தான் ஆரம்பிக்கிறது. உயிருள்ள குதிரையோ நமக்கு எப்போதும் கப்பலில் வந்த சரக்கு. வருஷா வருஷம் ஏராளமாக வாங்குகிறார்கள், பராமரிக்கத் தெரியாமல் சாகடிக்கிறார்கள் என்று பாண்டிய நாட்டைப் பற்றி மார்க்கோ போலோ எழுதி வைத்தார். (அவர் பெயருக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமில்லை. ஆட்டத்தின் பெயர் பால்டி மொழியில் பந்தைக் குறிக்கும் 'புலு'விலிருந்து வந்தது.)

அகராதியில் 'செண்டு' என்ற சொல்லைப் பாருங்கள். பந்து என்றும் பொருள், குதிரைச் சாட்டை என்றும் பொருள், குதிரை ஓட்டும் வெளி என்றும் பொருள். அய்யனார் கையில் இருப்பதும் செண்டுதான். உடனே "போலோவைக் கண்டுபிடித்தது தமிழனே" என்று வாட்ஸப்பில் கிளம்பிவிட வேண்டாம். ஆடியதற்குச் சாட்சி இதில் இல்லை. சொல் தங்கிவிட்டது, குதிரை தங்கவில்லை, அவ்வளவுதான் இதிலிருந்து தெரிவது. மணிப்பூருக்கு இன்னும் இரண்டும் இருக்கின்றன.

இரண்டையும் பார்க்கப்போகிறவர்களுக்கு: பரூவாவின் படத்தை முதலில் தேடிப் பாருங்கள். அப்புறம் நெட்ஃபிளிக்ஸ் தொடரைப் போட்டு, வீரர்களை விட்டுவிட்டு, திரையின் ஓரத்தில் அடுத்த குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆட்களை மட்டும் கவனியுங்கள்.