எண்ணும் கையும் தீர்க்கும் கையும்

1792-ஆம் ஆண்டின் நியூயார்க் ஆளுநர் தேர்தலில் ஜார்ஜ் கிளின்டனுக்கு 8,440 வாக்குகள், ஜான் ஜேக்கு 8,332 வாக்குகள் என்று அறிவிக்கப்பட்டது. வித்தியாசம் 108 மட்டுமே. ஆனால் ஓட்சிகோ, டையோகா, கிளின்டன் ஆகிய மூன்று மாவட்டங்களின் வாக்குகள் இந்தக் கணக்கில் சேரவேயில்லை. 1777 முதல் பதவியிலிருந்த ஆளுநரை நாட்டின் தலைமை நீதிபதியே எதிர்த்து நின்ற இந்தப் போட்டி, அன்றைய எண்ணிக்கை முறையின் வலுவையும் ஓட்டையையும் ஒருசேர வெளிப்படுத்தியது.

அந்த முறையில் நன்மை இல்லாமல் இல்லை. ஊர்களில் போடப்பட்ட சீட்டுகள் முத்திரையிட்ட பெட்டிகளில் மாவட்ட அதிகாரியான ஷெரிப் வழியாக மாநிலச் செயலாளரைச் சென்றடைந்தன. சட்டமன்றத்தின் இரு அவைகளும் நியமித்த 12 பேர் குழு அவற்றை எண்ணியது. பெருநிலக்காரர்களின் செல்வாக்கு மிகுந்த மாநிலத்தில், உள்ளூர்க் கண்களுக்கு எட்டாத இடத்தில் எண்ணுவது வாக்காளருக்குப் பாதுகாப்பு. ஆனால் எந்தப் பெட்டி செல்லும், எது செல்லாது என்று முடிவாகத் தீர்த்ததும் அதே குழுதான். அதில் பெரும்பான்மையினர் கிளின்டனின் ஆதரவாளர்கள்.

ஜேயின் பக்கம் வலுவாகச் சாய்ந்திருந்த ஓட்சிகோவில் ஷெரிப்பின் பதவிக்காலம் முடிந்திருந்தது. அடுத்தவர் இன்னும் பொறுப்பேற்கவில்லை. மற்ற இரு மாவட்டங்களிலும் பெட்டியைக் கொண்டுவந்தவரின் தகுதியே கேள்விக்குள்ளானது. ஓட்சிகோ வாக்குகள் செல்லும் என்றார் செனட்டர் ரூபஸ் கிங். செல்லாது என்றார் செனட்டர் ஆரன் பர். குழுவின் பெரும்பான்மை மூன்றையும் ஒதுக்கியது. ஒதுக்கிய சீட்டுகள் எரிக்கப்பட்டன. விதியைத் தளர்த்தினால் மோசடிக்கு வழி பிறக்கும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஓட்சிகோவில் நீதிபதி வில்லியம் கூப்பர் வாக்காளர்களை நெருக்கினார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அது விசாரிக்கப்பட வேண்டியதே. ஆனால் பெட்டியை ஒதுக்கச் சொல்லப்பட்ட காரணம் அதுவல்ல. ஷெரிப்பின் பதவி பற்றிய விதி, சீட்டுகளை யாரும் மாற்றிவிடாமல் காப்பதற்காகவே இருந்தது. மாற்றப்பட்டதற்குச் சான்றில்லாதபோது, அதிகாரியின் குறைக்கு வாக்காளரைத் தண்டிப்பது விதியின் நோக்கத்தையே கவிழ்ப்பதாகும். எரித்ததோ மறு ஆய்வுக்கான வழியையும் அடைத்தது.

ஜே தம் ஆதரவாளர்களை அமைதிப்படுத்தினார்; 1795-இல் ஆளுநராகவும் வென்றார். அதனால் முறை தன்னைத் தானே திருத்திக்கொண்டது என்று சொல்ல முடியாது. அந்தத் தேர்தலில் கிளின்டன் போட்டியிடவே இல்லை. மூன்று மாவட்ட மக்கள் இழந்த தீர்ப்பு அவர்களிடம் திரும்பவும் இல்லை. ஒரே இடத்தில் எண்ணியதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. எண்ணுபவரே மேல்முறையீடற்ற நீதிபதியாகவும் அமர்ந்ததுதான் கேடு. கட்சிச் சார்பற்ற மன்றத்தின் மறு ஆய்வும், அது முடியும்வரை சீட்டுகளைக் காக்கும் கடமையும் இருந்திருந்தால், தோற்றவரும் அந்த முடிவை மனமார ஏற்றிருக்க முடியும்.