மரிச்ஜாப்பி: 34 ஆண்டுகளின் முதல் பக்கம்

மேற்கு வங்கம் பற்றிப் பேச்சு வந்தால் நம்ம இடதுசாரித் தோழர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "1977ல நல்லாத்தான் ஆரம்பிச்சாங்க. குத்தகை விவசாயியைப் பதிவு செஞ்சாங்க, பஞ்சாயத்துக்கு உசிர் குடுத்தாங்க. ரொம்ப நாள் ஆட்சியில இருந்து கட்சி கெட்டுப்போச்சு." 34 ஆண்டுகால ஒரே கட்சியின் பிடியில் சனநாயகம் மெல்ல மெல்லத் தேய்ந்தது என்கிற இந்தக் கதையை நான் ஏற்கவில்லை. தலித்துகளுக்கு அது முதலிலேயே மறுக்கப்பட்டது.

ஆட்சிக்கு வந்து இரண்டு வருசம்கூட ஆகவில்லை. 1979 சனவரியில் சுந்தரவனத் தீவான மரிச்ஜாப்பியைப் போலீஸ் படகுகள் வளைத்தன. அங்கே குடியேறியிருந்தவர்கள் கிழக்கு வங்கத்து அகதிகள், பெரும்பாலோர் நாமசூத்திரர்கள். 1946இல் ஜோகேந்திரநாத் மண்டலின் முயற்சியால் அம்பேத்கரை அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பிய சமூகம் அது. பிரிவினை அவர்கள் ஊரைப் பாகிஸ்தானுக்குள் தள்ளியது. தப்பி வந்தவர்களைக் காங்கிரஸ் ஆட்சி தண்டகாரண்யத்துக்கு அனுப்பியது. "வங்கத்திலேயே இடம் கொடு" என்று அன்று கேட்டவர்கள் எதிர்க்கட்சியாயிருந்த இடதுசாரிகள். அதை நம்பித்தான் 1978இல் திரும்பி வந்தார்கள். தாங்களே குடிசை போட்டு, பள்ளிக்கூடம் நடத்தி, மீன் பிடித்துப் பிழைத்தார்கள்.

காப்புக்காடு என்றது அரசு. 144 போட்டு அரிசியையும் குடிதண்ணியையும் மறித்தது. சனவரி 31இல் துப்பாக்கிச் சூடு. மே மாதம் குடிசைகளைக் கொளுத்தி சனங்களை விரட்டினார்கள். செத்தவர்கள் அரசுக் கணக்கில் ஒருசிலர். தப்பியவர்கள் சொல்வது நூற்றுக்கணக்கில்.

"அதுக்கப்புறமும் சனங்க ஓட்டுப் போட்டுத்தானே ஜெயிச்சாங்க?" ஆமாம், 1977 முதல் தொடர்ந்து ஏழு சட்டமன்றத் தேர்தல். ஆனால் கூலித் தகராறோ, ரேஷன் அட்டையோ, குடும்பச் சண்டையோ, கிராமத்தில் எல்லாத்துக்கும் கட்சி ஆபீஸ் வாசல்தான். அதற்கு வெளியே நின்று "நான் நாமசூத்திரன், என் குறை இது" என்று தன் பேரில் பேசினால் வர்க்க ஒற்றுமையைக் கெடுக்கிறவன் என்று பட்டம். மாநிலத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவர் பட்டியல் சாதி. 34 ஆண்டில் இருந்த இரண்டு முதலமைச்சர்களும் மேல்சாதி. 1964இல் உருவான மார்க்சிஸ்ட் கட்சியின் அரசியல் தலைமைக்குழுவுக்குள் முதல் தலித் நுழைந்தது 2022இல்!

2011இல் திரிணாமுல் வந்தது. போட்டியே இல்லாமல் நிரம்பிய பஞ்சாயத்து இடங்கள் 2003இல் சுமார் 11 சதவீதம். 2018இல் சுமார் 34 சதவீதம். ஆபீஸ் வாசலில் கொடி மட்டும்தான் மாறியது.

இலக்கியத்திலும் இதே கதைதான். அமிதவ் கோஷின் 'தி ஹங்ரி டைட்' நாவல் (2004) மரிச்ஜாப்பியை உலகத்துக்குச் சொன்னது, மறுக்கவில்லை. ஆனால் செத்துப்போன குசுமின் பாடு நமக்கு வந்து சேர்வது நிர்மல் என்கிற பத்ரலோக் வாத்தியாரின் நோட்டுப் புத்தகம் வழியாக. சனநாயகத்தில் கட்சி செய்ததை நாவலில் வாத்தியார் செய்கிறார். ரிக்சா இழுத்து, ஜெயிலில் எழுத்துக் கற்ற அகதி வீட்டுப் பிள்ளை மனோரஞ்சன் பியாபாரியின் சுயசரிதையில்தான் இடையாள் இல்லை. அவரும் 2021இல் சட்டமன்றத்துக்குப் போக ஒரு கட்சி வாசலில்தான் நுழைய வேண்டியிருந்தது.

2007 மார்ச் 14 அன்று நந்திகிராமில் போலீஸ் சுட்டு 14 பேர் செத்தபோது நாடே கேள்வி கேட்டது. அந்தக் கேள்வியை 1979இல் தலித் அகதிகளுக்காகக் கேட்டிருந்தால், நந்திகிராமில் துப்பாக்கி தூக்கிய கை கொஞ்சம் நடுங்கியிருக்கும்.