விடைகொடுத்த விதம்

சில கமிட் மெசேஜ்களை வேலைக்காகப் படிக்கிறோம். சிலவற்றைப் படித்து முடித்ததும், இன்னொரு தரம் படிக்கலாமே என்று மறுபடி மேலே போகிறோம். எனக்கு அப்படி அமைந்தது, லினக்ஸ் கர்னலில் 2019 செப்டம்பர் 15 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய ஒரு ரிவர்ட் குறிப்பு, அதாவது முன்பு சேர்த்த மாற்றத்தைத் திரும்பப் பெறும் குறிப்பு. 5.3 பதிப்பு வெளியான அதே நாள். இலை போட்டாயிற்று, பரிமாறப்போகும் நேரத்தில் ஒரு பதார்த்தத்தை மட்டும் எடுத்து உள்ளே வைக்கிறார். அதுவும் ருசியான பதார்த்தம். அதை என்ன சொல்லி எடுத்துவைத்தார் என்பதில்தான் என் மனம் லயித்துக் கிடக்கிறது.

தலைப்பிலிருந்து தொடங்குவோம். அதைக் கிட் என்ற நிரல் வரலாற்றுக் கருவி தானாகவே எழுதிக்கொடுத்துவிடும். ‘ரிவர்ட்’ என்ற சொல், அதையடுத்து மேற்கோள் குறிக்குள் பழைய கமிட்டின் தலைப்பு, கீழே எந்தக் கமிட் என்று காட்டும் 40 எழுத்து ஹாஷ். இந்த இரண்டு வரியிலேயே ஒரு நாணயம் இருக்கிறது, பாருங்கள். ரிவர்ட் எதையும் அழிப்பதில்லை. பழைய கமிட் வரலாற்றில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதற்கு நேர் எதிரான புதிய கமிட் ஒன்று அதன்மேல் வந்து அமர்கிறது. பேரேட்டில் பிழையாக விழுந்த தொகையைச் சுரண்டாமல், ஒற்றைக் கோடிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போடும் கணக்குப்பிள்ளையின் சுத்தமான கை அது.

ஆனால் எது போனது என்றுதான் அந்த இரண்டு வரி சொல்லும். ஏன் போனது என்பதை மனிதர்தான் எழுத வேண்டும். கிட்டைப் பேணுகிறவர்களுக்கும் இந்த ஏக்கம் உண்டு. 2022-இல் வந்த 2.37 பதிப்பில், ரெஃபரன்ஸ் என்ற விருப்பத்தைக் கொடுத்து ரிவர்ட் செய்தால், தலைப்பு வரவேண்டிய இடத்தில் பெரிய எழுத்தில் ஒரு வேண்டுகோள் மட்டும் நிற்கும்: ஏன் திரும்பப் பெறுகிறோம் என்பதைத் தலைப்பிலேயே சொல்லுங்கள் என்று. கருவிக்குள் இப்படி ஒரு குரலை ஒளித்துவைத்தவரை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

இனி, நான் மயங்கிய இடம். ஹாஷ் வரி முடிந்ததும் டோர்வால்ட்ஸ் காரணத்துக்குப் போகவில்லை. இது வருத்தமான காரியம் என்கிறார். தவறான காரணங்களுக்காகச் செய்கிறோம் என்கிறார். திரும்பப் பெறப்படும் கமிட் நல்ல கமிட், சொன்னதைச் சொன்னபடி செய்கிறது என்று அதற்கு நற்சான்று கொடுக்கிறார். கையோடு, அதன் நன்மை என்ன என்பதையும் எழுதிவிடுகிறார்: எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் ஐநோட் அட்டவணையை முன்கூட்டியே படிக்கும்போது டிஸ்க்குக்குப் போகும் சில்லறைக் கோரிக்கைகளை அது தவிர்க்கிறது. வெளியேற்றப்படுகிற ஒன்றுக்கு இதைவிட மரியாதையாக எப்படி விடைகொடுப்பது? அந்த மாற்றத்தை எழுதியவர் காலையில் கணினியைத் திறந்து இதைப் படித்திருப்பார் அல்லவா, அவர் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். வேலை போனது, பெயர் போகவில்லை.

பிறகுதான் கதை விரிகிறது, எவ்வளவு வினோதமான கதை! யாராலும் ஊகிக்க முடியாத ரேண்டம் எண்களைத் தருவதற்காக, கர்னல் தன்னைச் சுற்றி நடக்கும் தற்செயல்களை ஒரு குடத்தில் துளித்துளியாகச் சேர்த்துவைக்கிறது. டிஸ்க் பதில் தரும் நேரம், விசை தட்டப்படும் நேரம், இவற்றில் உள்ள நுண்ணிய ஏற்ற இறக்கங்கள்தான் அந்தத் துளிகள். 2014-இல் சேர்ந்த கெட்ரேண்டம் என்ற சிஸ்டம் கால், அந்தக் குடம் போதிய அளவு நிறையும்வரை காத்திருக்கும். நம் நல்ல கமிட் வந்து டிஸ்க் வேலையைச் சீராக்கியது. வேலை சீரானதால் துளிகள் குறைந்தன. பூட் ஆகும் தொடக்கத்திலேயே கெட்ரேண்டத்தைக் கூப்பிட்ட சில கணினிகள், நிறையவே போகாத குடத்தின் முன்னால் அசையாமல் நின்றுவிட்டன. ஒருவர் வேகமாகப் படித்ததால் இன்னொருவர் எழுந்திருக்க முடியவில்லை!

இந்தச் சிக்கலை அவர் அவிழ்க்கும் நிதானம் அழகு. 2014-ஆம் ஆண்டுக் கமிட்டைத் தலைப்போடு குறிப்பிடுகிறார். தேடிப் போகிறவர் தடுமாறாமல் போய்ச் சேரலாம். எந்த லினக்ஸ் வினியோகத்தில் இது தெரிந்தது, எந்தச் செயலி காரணம் என்று தெரிந்தவரை சொல்கிறார். பூட் வேலைகளை நடத்தும் அந்தச் சிஸ்டம்டி என்ற செயலியை எழுதியவர் தரப்பில் சொன்ன விளக்கத்துக்கும் இடம் தருகிறார்; நடைமுறையில் அப்படி நடக்கக் காணோம் என்று பணிவாகச் சேர்க்கிறார். உறுதியில்லாத இடத்தில் ‘போலிருக்கிறது’ என்ற தொனி மெல்ல வந்து உட்கார்கிறது. டோர்வால்ட்ஸின் கடுஞ்சொற்கள் உலகப் பிரசித்தம். அந்தக் கை இத்தனை மென்மையாக எழுதியிருப்பதைப் பார்க்கும்போது, குறிப்பின் ஒவ்வொரு வாக்கியமும் எனக்கு இன்னும் இனிக்கிறது.

அடுத்த பத்தி கேள்விகளால் ஆனது. சரியான மருந்து கெட்ரேண்டத்துக்குத்தான் என்று சொல்லிவிட்டு, அதை எப்படிக் கொடுப்பது என்று யோசிக்கிறார். காத்திருக்காததையே அதன் இயல்பாக்கி, காத்திருக்க வேண்டுமென்றால் கேட்டு வாங்கும்படி செய்யலாமா? பூட் நேரத்தில் ஒரு விருப்பம் சேர்க்கலாமா? காத்திருக்கும் நேரத்துக்கு வரம்பு வைக்கலாமா? பேசி முடிக்க அவகாசம் வேண்டும், அதற்காகத்தான் இந்த ரிவர்ட், முடிந்ததும் அந்த நல்ல மாற்றத்தைத் திரும்பச் சேர்க்கலாம் என்று முடிக்கிறார். கோயிலில் திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்வார்களே, அந்தப் பக்குவம் இதில் தெரிகிறது. மூர்த்தியின் சாந்நித்தியத்தை இடம் மாற்றும்போதே திரும்பி வரும் நாளும் மனத்தில் இருக்கிறது.

அந்த நாள் இரண்டே வாரத்தில் வந்தது. தற்செயல் துளிகள் தாமாக விழட்டும் என்று காத்திராமல், தேவைப்படும்போது கர்னலே முயன்று திரட்டிக்கொள்ளும் மாற்றம் சேர்ந்தது. செப்டம்பர் 29 அன்று ரிவர்ட்டின் ரிவர்ட். அதன் தலைப்பில் மேற்கோளுக்குள் மேற்கோள், ரிவர்ட்டுக்குள் ரிவர்ட். 2023-இல் வந்த கிட் 2.43 முதல் இப்படிப்பட்ட இடத்தில் ‘ரீஅப்ளை’ என்ற தெளிவான சொல் வந்துவிடுகிறது. அதுவே சரி, படிப்பவருக்கு எளிது. ஆனாலும் இந்த ஒரு கமிட்டுக்கு மட்டும் அந்த இரட்டை ரிவர்ட்தான் எனக்குப் பிடிக்கும். போனதும் வந்ததும் ஒரே வரியில் தெரிகின்றன.

அந்த மாற்றம் நடந்த எக்ஸ்ட்4 கோப்பின் கிட் லாக்கில் மூன்றும் இன்றைக்கும் இருக்கின்றன: சேர்த்தது, எடுத்தது, மீண்டும் சேர்த்தது. மூன்றாவது குறிப்பு சிறியது. என்ன மாறியது என்று சொல்கிறது, போகிற போக்கில் பழைய மாற்றத்தை இன்னொரு தரம் ‘நல்ல’ என்கிறது. விளக்கம் ஆங்கிலத்தில் நாலே சொல்லில் முடிகிறது: ஆகவே, ரிவர்ட்டை ரிவர்ட் செய்வோம்.